படிவம் கொடுத்த தேதி

அருப்புக்கோட்டை
12.3.1986

அன்புள்ள அக்காவுக்குச் செல்வி எழுதுவது. இங்க நானும் அவுகளும் பிள்ளைக ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். பரளச்சியில் அய்யாவுக்கு மூட்டுவலி மட்டும் விட்டு விட்டு வருது. டெல்லியில நீயும் அத்தானும் கோகுலும் எப்படி இருக்கீங்க? குளிர் விட்டிருச்சா?

இத்தோட ஒரு புத்தகம் பார்சல்ல வருது. அட்டையைப் பாத்துச் சிரிக்காதே. 'அளவும் வெட்டும்' - எழுதியவர் செல்வலட்சுமி நாகராஜ். நான்தான் அக்கா. எஸ்.எஸ்.எல்.சி.யில ரெண்டு தடவை கணக்குல கோட்டை விட்ட அதே செல்விதான்.

ஆறு வருசமா வீட்டுல தையல் கிளாஸ் நடத்துறேன்ல. ரெட்டியபட்டியில இருந்தும் பரளச்சியில இருந்தும் பஸ்ஸு ஏறி வர்ற பொம்பளைகள்ல பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. இஞ்சு டேப்புல நம்பரைப் பாத்தாலே மெரளுவாக. அதனால ஒவ்வொரு துணிக்கும் சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாள்ல படம் வரைஞ்சு வச்சிருந்தேன். கட்டத்தை எண்ணி வெட்டினாப் போதும், ரவிக்கை உக்காந்துரும். அவுகதான் "இத அச்சடிச்சா என்ன"ன்னாக. அவுக வத்தல் கமிஷன் கடைக்குப் பில் புத்தகம் அடிக்கிற அச்சாபீஸிலயே அடிச்சாச்சு. ஐந்நூறு பிரதி.

எழுதினவங்களுக்கு என்ன உரிமைன்னு கவர்மெண்டுக்கே சொல்ற வக்கீல் நீ. உனக்குத்தான் மொதப் பிரதி. படிச்சிட்டுக் குத்தம் குறை இருந்தா மறைக்காம எழுது. அத்தானை விசாரிச்சதாச் சொல்லு. கோகுலுக்கு முத்தம்.

உன் தங்கச்சி,
செல்வி


புது டெல்லி
20.5.1986

அன்புத் தங்கை செல்விக்கு, அக்காவின் ஆசிகள். இங்கே மூவரும் நலம். வெயில் தாங்க முடியவில்லை. அய்யாவை அதிகம் நடக்க விடாதே.

புத்தகம் கிடைத்தது. உடனே எழுத முடியவில்லை, வேலை அப்படி. 84-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினோம் அல்லவா, அதிலிருந்து திருட்டு கேசட், திருட்டுப் புத்தகம் என்று எந்த மாநிலத்திலிருந்து கேள்வி வந்தாலும் குறிப்பு எழுதுவது நான்தான். மந்திரி நாடாளுமன்றத்தில் படிப்பது என் வாக்கியம். கீழே போகும் பெயர் இன்னொருவருடையது. கோப்பின் ஓரத்தில் என் சுருக்கொப்பம் மட்டும் இருக்கும். அரசாங்க வக்கீல் உத்தியோகம் அப்படித்தான்.

குறை கேட்டாய். எழுத்துப் பிழைகள் ஏழு. முப்பத்தொன்றாம் பக்கத்தில், கைப் பகுதிப் படத்தில் ஆறு கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது கட்டம் போட்டிருக்கிறாய். தையல் தெரியாத எனக்கே அது கண்ணில் பட்டது. அச்சுக்குக் கொடுக்குமுன் யாராவது படித்தவர்களிடம் காட்டியிருக்கலாம்.

நானும் ஒரு நூல் எழுதி முடித்திருக்கிறேன். எழுதுகிறவர்களுக்கு உள்ள உரிமைகள் பற்றி, எளிய தமிழில். நான்கு வருட உழைப்பு. சென்னையில் ஒரு பதிப்பகத்தில் கொடுத்திருக்கிறேன்.

நாகராஜ் தம்பிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

கஸ்தூரி


அருப்புக்கோட்டை
8.2.1987

அன்புள்ள அக்காவுக்கு, உன் உடம்பு தேவலையா? தலைவலின்னு அத்தான் எழுதியிருந்தாக. கண்ணாடி மாத்திப் பாரு. இங்க எல்லாரும் சுகம்.

நீ சொன்ன முப்பத்தொண்ணாம் பக்கத்துத் தப்பைப் பாத்து எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கல. எத்தனை பேரு கையை ஒன்பது கட்டத்துல வெட்டித் துணியைப் பாழாக்கினாகளோ. மொத அச்சு ஐந்நூறும் போயிருச்சு. ரெண்டாவது அச்சுல திருத்திட்டேன். இப்ப ஆயிரத்தைந்நூறு போட்டிருக்கு. காரியாபட்டிச் சந்தையில கூட விக்கிறாகளாம்!

அய்யாவைத்தான் பிடிக்க முடியல. துண்டுக்குள்ள ஒரு புத்தகத்தைச் சுத்தி வச்சுக்கிட்டே திரியுறாக. உர டிப்போவுக்குப் போனாலும் அத எடுத்துக் காட்டுறாக. எனக்கு வெக்கமா இருக்கு.

உன் புத்தகம் எப்ப வருது? வந்தா மொதல்ல எனக்கு. மே மாசம் லீவுல வாரேன்னியே, மறக்காம வந்துரு.

செல்வி


புது டெல்லி
2.6.1987

செல்விக்கு, சுகமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் கோகுலுக்குக் காய்ச்சல், இப்போது இல்லை. இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பியதற்கு அய்யா வருத்தப்பட்டிருப்பார். அலுவலகத்தில் அவசர வேலை என்று சொல். நீ கொடுத்த கருப்பட்டி உடையாமல் வந்தது.

கஸ்தூரி


அருப்புக்கோட்டை
14.9.1987

அன்புள்ள அக்காவுக்கு, நீங்க எல்லாரும் சுகமா இருக்கணும். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் சரியில்ல. அதான் அவசரமா எழுதுறேன்.

கிளாஸுக்கு வர்ற செல்லக்கிளி மதுரையில இருந்து ஒரு புத்தகம் வாங்கிட்டு வந்தா. பெரிய சைசு, கலர் அட்டை. எழுதினது பேராசிரியை சந்தனம்மாள்னு போட்டிருக்கு. உள்ள திறந்தா என் கட்டம், என் படம், என் வார்த்தை. "துணி குறைஞ்சா மனசு குறைய வேண்டாம்"னு நான் எழுதினதக்கூட விடல.

மறுநாளே அவுகளைக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போனேன். போட்டவரு பேரு தவசி, புத்தகக் கடையும் அவருதுதான்.

"இது யாரு எழுதினது?"ன்னேன்.

"அட்டையில போட்டிருக்கே, பாத்துக்கோங்க."

"அந்த அம்மாவைப் பாக்கணும்."

"அவுக வெளியூரு."

"எந்த ஊரு?"

"ஏம்மா, வாங்குறீகளா, இல்ல எடத்தக் காலி பண்றீகளா?"

அவுகளுக்குக் கோவம் வந்து, "இது என் சம்சாரம் எழுதின புத்தகம்யா"ன்னாக. கடையில நின்ன ஆளுக எல்லாம் என்னை ஏற இறங்கப் பாத்தாக. தவசி சிரிச்சுக்கிட்டே, "கணக்கு யாருக்கும் சொந்தமில்லம்மா. ரெண்டும் ரெண்டும் நாலுன்னு நீங்க எழுதினா நான் எழுதக் கூடாதா?"ன்னாரு. காசைக் கொடுத்து ஒரு பிரதியை வாங்கிட்டு வெளிய வந்தேன்.

பஸ்ஸுல வரும்போதுதான் முப்பத்தொண்ணாம் பக்கத்துப் படம் ஞாபகம் வந்துச்சு. திருப்பிப் பாத்தேன். அதே கை, அதே ஒன்பது கட்டம்! மொத அச்சைப் பாத்து அப்படியே அடிச்சிருக்காரு, தப்போட.

அக்கா, இந்தச் சட்டம் உன் கையில இருக்கு. என்ன செய்யணும்னு ஒரு வரி எழுது, அதுபடி செய்யுறேன். அவுக இங்க ஒரு வக்கீலைப் பாக்கலாம்னாக. அக்கா இருக்கும்போது எதுக்குன்னு நான்தான் வேண்டாம்னுட்டேன்.

பதிலை எதிர்பாத்து,
செல்வி


புது டெல்லி
5.1.1988

அன்புத் தங்கைக்கு, பொங்கல் வாழ்த்துகள். குழந்தைகள் நன்றாகப் படிக்கிறார்களா? இங்கே கடும் குளிர்.

உன் விஷயத்தை யோசித்தேன். இது நீ நினைப்பதுபோல் எளிதல்ல. முதலில் உன் புத்தகத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். நிரப்பி, இரண்டு பிரதிகளுடன் என் விலாசத்துக்கே அனுப்பு. நானே கொடுத்துவிடுகிறேன். பதிவு முடியும் வரை வழக்கு என்று எங்கும் போகாதே. அங்குள்ள வக்கீல்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது, காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள். நான் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பதால் வெளிப்படையாக எதிலும் தலையிட முடியாது. அவசரப்படாமல் இரு.

கஸ்தூரி


அருப்புக்கோட்டை
11.10.1988

அன்புள்ள அக்காவுக்கு, சுகமா? அத்தானுக்குச் சர்க்கரைன்னு எழுதியிருந்தே, சோத்தைக் குறைக்கச் சொல்லு. இங்க ஆடியில விதைச்ச கம்பு மழையில்லாமக் கருகிருச்சு. அய்யா காட்டுப்பக்கமே போறதில்ல.

ஜனவரியிலயே படிவத்தை அனுப்பிட்டேன். கிடைச்சதுன்னு நீயும் கார்டு போட்ட. ஒன்பது மாசம் ஆச்சு. தொந்தரவு பண்றேன்னு நினைக்காதே அக்கா. ஒரு சங்கதி நடந்துச்சு, அதுக்குத்தான் எழுதுறேன்.

ரெட்டியபட்டியில பொம்பளைகளுக்கு ஆறு மாசத் தையல் பயிற்சி கொடுக்கப் போறாகன்னு கேள்விப்பட்டு, சொல்லிக்கொடுக்க என்னைச் சேத்துக்கோங்கன்னு மனு எழுதி, புத்தகத்தையும் வச்சுக் கொடுத்தேன். பொறுப்புல இருந்த அம்மா தன்கிட்ட இருந்த சந்தனம்மாள் புத்தகத்தை எடுத்து, ரெண்டையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சாக. "பேராசிரியை எழுதினதப் பாத்து நீங்க எழுதியிருக்கீக. இது நல்லால்லம்மா"ன்னாக. என்னுதுதான் மொதல்ல வந்ததுன்னேன். "அவுக பேராசிரியை. நீங்க என்ன படிச்சிருக்கீக?"ன்னு கேட்டாக. எஸ்.எஸ்.எல்.சி.ன்னு சொன்னேன். பாஸான்னு கேட்டாக.

வீட்டுக்கு வந்து மிஷினை மூடி வச்சவதான். நாலு நாளா கிளாஸ் எடுக்கல.

பதிவு ஆன காயிதம் ஒண்ணு இருந்தா அந்த அம்மா முன்னால வைப்பேன். எப்ப கிடைக்கும்னு மட்டும் கேட்டுச் சொல்லு.

செல்வி


புது டெல்லி
20.12.1988

செல்விக்கு, அனைவரும் நலம். அத்தான் மாத்திரை சாப்பிடுகிறார்.

உன் மனு பரிசீலனையில் இருக்கிறது. அரசாங்கத்தில் எல்லாம் வரிசைப்படிதான் நடக்கும். தங்கை என்பதற்காக நான் முந்தித் தள்ளினால் என் பெயர் கெட்டுவிடும். பயிற்சி போனால் போகட்டும், உனக்கென்ன குறை? நாகராஜ் தம்பி கடை நன்றாக நடக்கிறது. குழந்தைகளைக் கவனி.

கஸ்தூரி


அருப்புக்கோட்டை
3.4.1989

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். நீங்க, அத்தான், கோகுல் எல்லாரும் சுகம்னு நினைக்கிறேன். நாங்களும் சுகம். அய்யாவுக்கு வலது கண்ணு ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. கட்டு அவுத்தாச்சு, தெரியுதாம்.

ஒரே ஒரு விபரம் வேணும். என் படிவத்தை நீங்க ஆபீஸில எந்தத் தேதி கொடுத்தீகன்னு எழுதுங்க. தேதி மட்டும் போதும்.

செல்வலட்சுமி


புது டெல்லி
18.6.1989

அன்புத் தங்கைக்கு, அய்யாவின் கண் சரியானதில் மிக்க சந்தோஷம்.

படிவத்தைச் சென்ற வருடம் பிப்ரவரி 22-ஆம் தேதி கொடுத்தேன். விரைவில் ஏதாவது தெரியும்.

எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. இனி இந்தப் பிரிவுக்கே பொறுப்பு என்னுடையது. அய்யாவிடம் சொல்.

கஸ்தூரி


புது டெல்லி
22.10.1990

அன்புள்ள செல்விக்கு,

பதினாறு மாதங்களில் உன்னிடமிருந்து ஒரு பொங்கல் வாழ்த்து மட்டும்தான் வந்தது. அதிலும் 'நீங்கள்' என்றுதான் எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து என்னை நீ அப்படிக் கூப்பிட்டதில்லை. பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தபோதுதான் அது எப்போது தொடங்கியது என்று கவனித்தேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இதை நான் கேட்பதே உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த அதிகாரிகளுக்கு வகுப்பு எடுத்தேன். புத்தகத்தைப் பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்கு உரிமை உண்டு. எழுதியவர் தான் வசிக்கும் ஜில்லாவிலேயே வழக்குப் போடலாம். ஆனால் மூன்று வருடத்துக்குள் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எழுந்து, "இதெல்லாம் கிராமத்தில் இருக்கிறவர்களுக்கு யார் மேடம் சொல்வார்கள்?" என்று கேட்டாள். வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன்.

செல்வி, உன் படிவத்தை நான் கொடுக்கவில்லை. பிப்ரவரி 22 என்பது பொய். அது என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, நீ அனுப்பிய இரண்டு பிரதிகளோடு. பதிவு ஆகும் வரை வழக்குப் போடாதே என்றேனே, அதுவும் பொய். இந்தச் செப்டம்பரோடு மூன்று வருடம் முடிந்துவிட்டது. நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நீ எழுதிய பதினான்காம் தேதியும் போயிற்று; வாயைத் திறக்கவில்லை.

87 மே மாதம் அங்கே வந்திருந்தபோது அய்யாவோடு பரளச்சி பஸ்ஸில் போனேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மா, "இது யாரு?" என்று கேட்டார். அய்யா, "தையல் புத்தகம் போட்டிருக்குல்ல, நம்ம செல்வி, அதுக்கு அக்கா" என்றார். அவ்வளவுதான். வக்கீல் என்று சொல்லவில்லை. டெல்லி என்று சொல்லவில்லை. ஊரிலேயே முதன்முதலாகச் சட்டம் படித்த பெண் என்று என்னைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். அந்த அம்மா என்னிடம், "நீங்களும் தைப்பீகளா?" என்று கேட்டார். மறுநாளே டிக்கெட்டை மாற்றினேன்.

இங்கே வந்தால் சென்னைப் பதிப்பகத்திலிருந்து என் கையெழுத்துப் பிரதி திரும்பி வந்திருந்தது. 'இதை யார் வாங்குவார்கள் என்று தெரியவில்லை' என்று ஒரு துண்டுச் சீட்டு. உன் அத்தானிடம்கூட நான் அதைக் காட்டவில்லை.

அடுத்து வந்தது உன் செப்டம்பர் கடிதம். உன்னிடம் இதையாவது உள்ளபடி சொல்ல வேண்டும். படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதன் பிறகுதான் உன் முகம் வந்தது. இத்தனை வருட உத்தியோகத்தில் அவ்வளவு தெளிவான திருட்டு என் மேசைக்கு வந்ததில்லை. பத்து நிமிடத்தில் நோட்டீஸ் எழுதியிருப்பேன். நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். அந்த நாளை மூன்று வருடம் நீட்டினேன்.

ரெட்டியபட்டியில் உன்னிடம் பாஸா என்று கேட்டதை எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகும் நான் பரிசீலனையில் இருக்கிறது என்று எழுதினேன். எனக்கு இதைவிடக் கேவலமாக எதுவும் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அய்யாவிடம் நீயே சொல்லிவிடு.

கஸ்தூரி


அருப்புக்கோட்டை
9.11.1990

அக்காவுக்கு,

இங்க எல்லாரும் சுகம். ஐப்பசி மழை இந்த வருசம் நல்லாப் பேஞ்சிருக்கு. அங்க சுகமான்னு கேக்கணும், கேட்டுக்கிறேன்.

உன் கடுதாசியை அவுக படிக்கலாமான்னு கேட்டாக. குடுக்கல.

கேஸு போட்டாச்சு அக்கா. போன வருசம் மே மாசமே போட்டாச்சு. நம்ம ஊர் வக்கீல் நல்லகண்ணு சார்தான் போட்டாரு. அவருக்கு இந்தச் சட்டத்துல இதுதான் மொதக் கேஸாம். மதுரைக்குப் போய்ச் சட்டப் புத்தகம் வாங்கிட்டு வந்து படிச்சாரு. தவசி நாலு வாய்தா வாங்கினாரு. அஞ்சாவது வாய்தாவுக்குப் பேராசிரியை சந்தனம்மாளைக் கூட்டிட்டு வரச் சொன்னாக. அப்படி ஒரு ஆளு இருந்தாத்தானே கூட்டிட்டு வர்றதுக்கு. இந்த வருசம் ஆகஸ்டுல, புத்தகம் செல்வலட்சுமி எழுதினது, இனிமே அடிக்க மாட்டேன்னு கோர்ட்டுலயே எழுதிக் கொடுத்துட்டாரு. மிச்சம் இருந்த பிரதிகளையும் ஒப்படைச்சாரு. தீர்ப்பு நகலை எடுத்துக்கிட்டு ரெட்டியபட்டிக்குப் போனேன். அந்த அம்மா மாத்தலாகிப் போயிட்டாக. புதுசா வந்தவுகளுக்கு என் கதை ஒண்ணும் தெரியல. இருந்தாலும் உக்காத்தி வச்சுச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.

நீ படிவம் கொடுக்கலன்னு எனக்கு எப்பத் தெரியும்னு கேப்ப. 89 மார்ச்சுலயே தெரியும். நல்லகண்ணு சாரு இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி அடிச்சு, நேரா டெல்லிப் பதிவு ஆபீஸுக்கே அனுப்பினாரு. இந்தப் பேருல மனு எதுவும் வரலன்னு பதில் வந்துச்சு. "உங்கக்காகிட்ட நேராக் கேட்டுரு"ன்னு அவுக சொன்னாக. நான்தான், தபால்ல தொலைஞ்சிருக்கும், அக்கா மறந்திருக்கும், அக்காவே சொல்லட்டும்னேன். அதுக்குத்தான் தேதி கேட்டேன். மறந்துட்டேன்டின்னு எழுதியிருந்தா அத்தோட விட்டிருப்பேன். நீ பிப்ரவரி 22ன்னு எழுதின. அன்னைக்குக் கிளாஸுக்கு வந்த பொம்பளைகளைத் திருப்பி அனுப்பிட்டு, வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். தவசிக்காக நான் ஒரு நாளும் அழல.

கேஸு போட்டதை உனக்கு எழுதாததுக்கும் காரணம் இருக்கு. தோத்தா நீ சந்தோஷப்படுவியோன்னு பயம். ஜெயிச்சதும் எழுதத் தோணல. நீயா ஏதாவது எழுதுறியான்னு பாத்தேன்.

உனக்கு ஒண்ணு சொல்லணும். நீ சட்டம் படிக்க மெட்ராஸ் போற அன்னைக்கு உன் ட்ரங்குப் பெட்டிச் சாவியைக் காணோம்னு வீட்டையே புரட்டிப் போட்டீங்களே, அதக் கிணத்துல போட்டது நான்தான். அய்யா உன்னை மட்டும் கூட்டிக்கிட்டுப் போறாகன்னு. பூட்டை உடைச்சுட்டு நீ போயிட்ட. அதனால பொறாமைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. ஆனா அக்கா, எனக்கு அப்ப பத்து வயசு. நீ இதைச் செஞ்சது நாப்பத்திரெண்டு வயசுல.

மன்னிச்சுட்டேன்னு எழுதலாம்னு ரெண்டு தாள் கிழிச்சேன். கை வரல. வராததை எழுதி என்ன செய்ய?

அய்யாகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். பஸ்ஸுல அப்படிச் சொன்னாகளே, அந்த வாரம் பூரா நீ திரும்பிப் போற டிக்கெட் தேதியைச் சொல்லிச் சொல்லி என்கிட்ட அழுதவுகளும் அவுகதான். இது உனக்குத் தெரியாது. அவுகளுக்கு மாசம் ஒரு கடுதாசி போடு, பரளச்சி விலாசத்துக்கு. கண்ணு தெரியுது, அவுகளே படிச்சுக்கிடுவாக.

எனக்கு இப்ப எழுதாதே. நானா எழுதுவேன். எப்பன்னு சொல்லத் தெரியல. எழுதினேன்னா, அன்னைக்கே பதில் போடு.

செல்வி